மறதிக்கும் ஒரு கட்டம்

சார்ட் பேப்பரில் கோடு கிழித்து, பாடத்துக்கு ஒரு நிறமாக ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டவணை அது. என் அக்கா மகள் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. செய்முறைத் தேர்வு முடிந்து ஸ்டடி லீவ் விட்டிருந்தார்கள். மொழித்தாள்களைத் தாண்டி முதல் பெரிய பாடம் வர 24 நாள் இருந்தது. காலை 4.30-க்கு எழுந்திருக்க வேண்டும். 5 முதல் 7 வரை வேதியியல், 8 முதல் 10.30 வரை கணிதம், 11 முதல் 1 வரை இயற்பியல், 2 முதல் 4.30 வரை உயிரியல், 5 முதல் 7 வரை மறுபடி வேதியியல், இரவு 8.30 முதல் 10.30 வரை தமிழும் ஆங்கிலமும். 11 மணிக்குப் படுக்கை. கூட்டிப் பார்த்தால் 13 மணி நேரப் படிப்பு.

நான் போனது மூன்றாம் நாள். அதற்குள் அந்தத் தாளில் அம்புக்குறிகள் ஏறியிருந்தன. முதல் நாள் கணிதம் இழுத்துக்கொண்டு போனதில் இயற்பியல் மாலைக்கு நகர்ந்திருந்தது. மறுநாள் வீட்டுக்கு ஆள் வந்ததில் உயிரியல் நின்றே போயிருந்தது. "இது சரிப்படாது மாமா. நாளைக்குப் புதுசா ஒண்ணு போடப் போறேன்" என்றபடி தாளைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்தது.

அந்தப் பிள்ளையிடம் சோம்பல் துளியும் கிடையாது. வீட்டில் எல்லாரும் அதைத்தான் சந்தேகித்தார்கள், அவளும் தன்னையே நொந்துகொண்டாள். தவறு அட்டவணையில் இருந்தது. குளிக்க, சாப்பிட, ஆறு பாடங்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. மறதிக்கு இல்லை. படித்தது மறக்கும், நினைத்தது நடக்காது என்ற இரண்டையும் கணக்கில் எடுக்காமல் போட்ட எந்த அட்டவணையும் மூன்றாம் நாள் கிழியத்தான் செய்யும். கடந்த 140 ஆண்டுகளில் நினைவாற்றல் குறித்து நடந்த ஆய்வுகளைத் தேர்வுக்கால வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிறது.

நினைத்தது நடக்காது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்தே சொல்கிறார்கள் என்பதை 1979-இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் எடுத்துக்காட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். திட்டமிடல் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். 1994-இல் ரோஜர் புஹ்லர், டேல் க்ரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் 37 பேரிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். அதற்குச் சராசரி 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமாகப் போனால் என்று கற்பனை செய்து சொன்ன நாளையும் உண்மை தாண்டிப் போனது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே, 'நான் கொஞ்சம் தாராளமாகத்தான் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்' என்று ஒரு மாணவர் சொன்னால், அந்தத் தாராளமும் போதாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இதற்குக் காரணங்கள் வெளியிலிருந்தும் வரும். தெரு அம்மன் கோயிலில் மாசிக் கொடை என்றால் மூன்று நாள் ஒலிபெருக்கி ஓயாது. கல்யாண வீடு, துக்க வீடு, காய்ச்சல், குழாயில் தண்ணீர் வரும் நேரம் என எதையும் அட்டவணையில் எழுத முடியாது. ஆனால் ஏதோ ஒன்று வரும் என்பதை எழுத முடியும். ஆறு நாளுக்கு ஒரு நாள் எந்தப் பாடமும் போடாமல் காலியாக விடச் சொன்னேன். ஓய்வு நாள் என்று பெயர் வைக்க வேண்டாம், விட்டுப்போனதைப் பிடிக்கும் நாள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரு முழு நாள் சும்மா போயிடுமே?" என்றாள். சும்மா போகாது. அம்புக்குறி எல்லாம் அந்த நாளுக்குப் போய்ச் சேரும், அடுத்த நாள் சுத்தமாகத் தொடங்கும். முதல் சறுக்கலிலேயே ஒட்டுமொத்த அட்டவணையும் பொய்யாகிப்போன உணர்வுதான் பிள்ளைகளைச் சாய்க்கிறது. அந்த உணர்வு வராமல் காக்கிற நாள் வீண் நாளாகாது.

இனி மறதி. அன்று மாலை அவள் அலை ஒளியியல் பாடத்தை முடித்துவிட்டதாகச் சொன்னாள். ஐந்து தடவை வாசித்தாயிற்றாம். புத்தகத்தை மூடச் சொல்லி, யங் இரட்டைப் பிளவு ஆய்வில் பட்டை அகலத்துக்கான சமன்பாட்டைத் தருவிக்கச் சொன்னேன். ரஃப் நோட்டில் படத்தை அழகாக வரைந்தாள். இரண்டு பிளவுகள், திரை, நடுப்புள்ளி எல்லாம் சரி. பாதை வேறுபாடு என்பது பிளவுகளின் இடைவெளியைச் சைன் தீட்டாவால் பெருக்கியது என்று எழுதினாள். அங்கே பேனா நின்றது. அடுத்த வரியில் டேன் தீட்டா வர வேண்டும் என்பது நினைவிருக்கிறது. சைன் எப்படி டேன் ஆனது என்பது நினைவில்லை. "இப்பதான் மாமா பார்த்தேன், கண்ணுக்குள்ளேயே நிக்குது" என்றாள். உண்மைதான், பக்கம் கண்ணுக்குள் நின்றது. கோணம் மிகச் சிறியது என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம் என்ற காரணம் மட்டும் நிற்கவில்லை.

இந்த மயக்கத்தை ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை அளந்து காட்டியது. ஒரு சிறு உரைநடைப் பகுதி. ஒரு பிரிவு மாணவர்கள் அதை நான்கு வேளை திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று வேளை தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. அந்த ஐந்து நிமிடக் கணக்கைத்தான் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். வாசித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கும். அந்தத் தெம்பில் பாடத்துக்கு நேரே 'முடிந்தது' என்று டிக் போடுகிறார்கள். 2013-இல் ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, அதிகப் பயன் தருபவை என்று சொன்னவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும். திரும்ப வாசிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும் குறைந்த பயன் தருபவை என்ற பட்டியலில் போய்ச் சேர்ந்தன.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் வீடுகளில் திறந்த புத்தகமே படிப்புக்குச் சாட்சி. கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் அம்மாவுக்குப் பக்கம் விரிந்திருந்தால் நிம்மதி. புத்தகத்தை மூடிவைத்து, விட்டத்தைப் பார்த்தபடி உதடு அசைக்கும் பிள்ளைக்குத் திட்டு விழும். அந்தப் பிள்ளைதான் உண்மையில் படித்துக்கொண்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணவன் பாடம் கற்கும் வழியைச் சொல்லும்போது, கேட்டதை நினைத்துப் பார்ப்பதையும், வினவுவதையும், பிறர் வினவியதற்கு விடை சொல்வதையும் தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. இரண்டாம் தடவை கேட்டால் பிழை நீங்கும், மூன்றாம் தடவை கேட்டால் பிறருக்கு எடுத்துச் சொல்லும் நிலை வரும் என்றும் அது படி வைக்கிறது. ஓலைக் காலத்து ஆசிரியருக்குத் தெரிந்திருந்ததைத்தான் ஆய்வுக்கூடம் எண்ணாகத் தருகிறது.

எப்போது திரும்பி வருவது என்பதற்கும் எண் உண்டு. 1885-இல் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். அவருடைய மறதி வளைகோட்டைத் தன்னம்பிக்கை மேடைகளில் காட்டி, 'படித்ததில் முக்கால்வாசி ஒரே நாளில் போய்விடும்' என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். அது நியாயமில்லை. அது பொருளற்ற அசைகளுக்கான கோடு. பொருள் புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக அழியாது. அதே நூலில் மேடைகளில் யாரும் சொல்லாத இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரே நாளில் அடுத்தடுத்து 68 தடவை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பரப்பியபோது 38 தடவையிலேயே அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழப் பாதி உழைப்பு! 2008-இல் நிக்கோலஸ் செப்பேடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இடைவெளியின் அளவைத் தேடினார்கள். ஒரு வாரத்தில் சோதனை என்றால் அந்த வாரத்தின் 20 முதல் 40 விழுக்காடு, அதாவது ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் விட்டுத் திரும்புவது நல்லது. சோதனை தள்ளிப்போகப் போக இடைவெளி நாள்கணக்கில் நீளும், விழுக்காட்டில் குறையும். ஒரு மாதம் இருக்கும்போது வாரம், பத்து நாள் விடலாம்.

இதை மனசு ஏற்காது. நேற்று படித்ததை இன்றே பார்த்தால் சரளமாக வரும், ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் தடுமாறும். தடுமாறினால் 'எனக்கு ஏறவே இல்லை' என்று அழுகை வரும். நேட் கோர்னல் 2009-இல் வெளியிட்ட சொல்லட்டைச் சோதனைகளில் 90 விழுக்காட்டினருக்கு இடைவெளி விட்ட முறையே அதிகம் உதவியது. ஆனால் முதல் அமர்வு முடிந்ததும் கேட்டபோது 72 விழுக்காட்டினர், ஒரேயடியாகப் படித்ததுதான் உதவியது என்றார்கள். பாதி மறந்ததை முயன்று மீட்கும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் ஆழமாக இறங்குகிறது. ராபர்ட் பியார்க் இதை விரும்பத்தக்க சிரமம் என்றார். மறக்க விட்டுத் திரும்பி வர வேண்டும். அட்டவணையில் மறதிக்குக் கட்டம் என்று நான் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

அன்று இரவு அவளும் நானும் உட்கார்ந்து மணிக்கணக்கை விட்டுவிட்டுப் பாடக்கணக்கு போட்டோம். இயற்பியலில் 11 அலகு, வேதியியலில் 15, கணிதத்தில் 12. மொத்தம் 38. ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை திரும்பி வர வேண்டும் என்றால் 114 அமர்வு. காலி நாள் நான்கைக் கழித்தால் 20 நாள். நாளுக்கு ஆறு அமர்வுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வோர் அமர்வும் முக்கால் மணி நேரம் என்றால் நான்கரை மணி நேரம்தான் வருகிறது. உயிரியலையும் மொழிப்பாடங்களையும் சேர்த்தாலும் எட்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. 13 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே வியப்பு. தோழி 14 மணி நேரம் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து வந்தது.

சுவரிலிருந்த தாளை எடுத்துவிட்டு 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்தோம். வரிக்கு ஒரு பாடம், எதிரே மூன்று தேதிகளுக்கு இடம். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்தால் அடுத்த தேதி ஒரு வாரம் கழித்து. பாதி வந்தால் மூன்று நாள் கழித்து. வரவேயில்லை என்றால் நாளைக்கே. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபாஸ்டியான் லைட்னர் 1972-இல் எழுதிய நூலில் அட்டைப்பெட்டியை வைத்துச் சொன்ன முறையின் எளிய வடிவம். தெரிந்தது தள்ளிப்போகும், தெரியாதது அருகே வரும். நாளைக்கு என்ன படிப்பது என்ற கேள்விக்கு நோட்டே பதில் சொல்லிவிடும்.

கணிதத்துக்கு மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வகைக் கணக்கைப் பத்துத் தடவை போட்டால் கை பழகிவிடுகிறது, ஆனால் தேர்வில் எந்த வகை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துப் பழகியவர்கள் பழகும்போது 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள், கலந்து பழகியவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் பிரிவு 20-க்கு இறங்கியது, இரண்டாம் பிரிவு 63 எடுத்தது. அதனால் பயிற்சிக் கணக்குகளை மூன்று பாடங்களிலிருந்து கலந்து எழுதிவைத்துப் போடுவது நல்லது.

காலை 4.30 பற்றித்தான் வீட்டில் வாக்குவாதம் வந்தது. விடியலில் படித்தால் பசுமரத்தாணி போலப் பதியும் என்று அக்கா உறுதியாக இருந்தாள். அந்த நம்பிக்கையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஒற்றை அறை வீட்டில், டிவியும் பேச்சும் அடுப்புச் சத்தமும் ஓய்ந்த ஒரே வேளை அதுதான். எங்கள் தலைமுறை படித்ததும் அந்த அமைதியில்தான். ஆனால் எங்கள் வீட்டில் அன்று ஒன்பது மணிக்கே விளக்கணைத்துவிடுவார்கள். நான்கரைக்கு எழுந்தாலும் ஏழரை மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இன்று 11 மணிக்குப் படுத்து நான்கரைக்கு எழுவது ஐந்தரை மணி நேரம். எழும் வழக்கத்தை வைத்துக்கொண்டு, படுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம். 13 முதல் 18 வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பதின்வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, அவர்களுக்கு இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும் என்பதை மேரி கார்ஸ்கடனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தூக்கத்தில் பாடம் நிலைபெறுகிறது என்பதற்கான தடயம் 1924-இலேயே கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டே இரண்டு மாணவர்களை வைத்துச் செய்த சோதனை அது. மனப்பாடம் செய்தபின் தூங்கியவர்களுக்கு, அதே நேரம் விழித்திருந்ததைவிட அதிகம் நினைவிருந்தது. இரண்டு பேர் என்பது சிறிய எண்தான், ஆனால் பிறகு வந்த நிறைய ஆய்வுகளும் தூக்கத்தின் பக்கமே நின்றன. எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 2013-இல் வெளியான லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு. 535 பள்ளி மாணவர்கள் 14 நாள் வீதம் நாட்குறிப்பு எழுதினார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்த நாளுக்கு மறுநாள், அவர்களுக்கு வகுப்பில் பாடம் புரியவில்லை, சோதனையிலும் சறுக்கினார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் தாளுக்கு முந்தின இரவு முழுக்க விழித்தவன். வினாத்தாளைப் பார்த்தபோது கேள்விகள் தெரிந்தவையாகவே இருந்தன, விடைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றன. அதை மறுபடி ஒரு பிள்ளைக்கு நேரவிடக் கூடாது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கடைசியில் அக்காவும் ஒப்புக்கொண்டாள். 9.30-க்குப் படுப்பது, 5.30-க்கு எழுவது. போன் இரவில் அக்காவின் அறையில் இருக்கும்.

தேர்வு காலை 10 மணிக்கு. முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. மாதிரித் தேர்வையும் அந்த வேளையில்தான் எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு எழுதிப் பழகிய கைக்குக் காலை பதினொன்றரை மணிப் பசியும் மாசி பங்குனி வெயிலும் பழக்கமிருக்காது. நேரக் கணக்கும் பாடத்துக்குப் பாடம் மாறும். இயற்பியலில் 70 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம், அதாவது ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 13 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கணிதத்தில் 90 மதிப்பெண்ணுக்கு அதே 180 நிமிடம், ஐந்து மதிப்பெண் கணக்குக்கு 10 நிமிடம்தான். முக்கால் மணி நேர அமர்வு ஒவ்வொன்றிலும் ஓர் ஐந்து மதிப்பெண் வினாவைக் கடிகாரம் வைத்து எழுதிவிட்டால் இந்த வேகம் தானாக வந்துவிடும். தாள்களுக்கு இடையே வரும் விடுமுறையை நம்பி ஒரு பாடத்தை முதல் வாசிப்புக்கே ஒதுக்கிவைப்பதுதான் பெரிய ஆபத்து. அந்த நாள்கள் மூன்றாவது தேதிக்கு மட்டுமே உரியவை.

எல்லாப் பிள்ளைக்கும் எட்டு மணி நேரம் கிடைக்காது. கடைக்குப் போய்விட்டு வந்து படிப்பவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்கு அட்டவணை அவர்களைத் தொடக்கத்திலேயே தோற்கடித்துவிடுகிறது. குடத்தோடு நிற்கும் பத்து நிமிடத்தில் ஒரு தருவிப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். அது ஓர் அமர்வு, நோட்டில் அதற்கும் தேதி உண்டு.

கொடைக்கு மூன்று நாள் ஒலிபெருக்கி பாடியதில் அவளுடைய காலி நாள் இரண்டு போயிற்று. மூன்றாவது காலி நாளில் பாக்கி எல்லாம் அடைந்தது. இயற்பியல் தாளுக்கு முந்தின மாலை போயிருந்தேன். மேசையில் ஹால் டிக்கெட், இரண்டு கறுப்பு மைப் பேனா, ஸ்கேல், பக்கத்தில் அந்த நோட்டு. அலை ஒளியியல் வரிக்கு எதிரே மூன்று தேதிகள் இருந்தன. முதல் தேதிக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, இரண்டாவதற்குப் பாதி டிக். மூன்றாவதன் கீழே பொடி எழுத்தில், 'கோணம் ரொம்பச் சின்னது, அதனாலதான்' என்று எழுதி டிக் போட்டிருந்தாள். மணி ஒன்பது இருபது. "தூங்கப் போறேன் மாமா" என்று விளக்கை அணைத்தாள்.